ஓடைக்கு முன்னால் திரும்பிய கரகம்

1

எங்கள் வீட்டு வாசலில் மூன்று சோடி ரப்பர் பூட்ஸ் கிடக்கின்றன. ஒன்று பச்சை, இரண்டு கறுப்பு. பச்சை ஆற்றுக்கு, கறுப்பு ஓடைக்கு. மாற்றிப் போட்டால் வீட்டில் பிரளயம்தான். கறுப்பில் பெரிய சோடி வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்ற இரண்டும் என் மகள் தர்சினியுடையவை. அவள் படித்து முடித்து, இந்த ஊர் நீர்நிலைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து, ஓடைக்கரைத் தெருவில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாடி அறையில் சேற்றுப் பூட்ஸ் வைக்க இடமில்லையாம். பிள்ளை போய்விட்டாள், பூட்ஸ் மட்டும் எங்களோடு இருக்கிறது. அதை எடுக்கவும் வைக்கவுமாவது வந்து தலையைக் காட்டுகிறாளே என்று நானும் இடத்தைக் கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை அந்தப் பூட்ஸைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தபோதுதான், எங்கள் கரகம் பாதி வழியில் திரும்பி ஒரு வருடமாகிவிட்டது என்று உறைத்தது. ஊரிலிருக்கும் நீங்கள் போனில் நேரடியாகப் பார்த்தீர்கள். ஆனால் பாதியில் படம் நின்றுவிட்டது. நின்ற இடம் நான் கரகத்தின் முன்னால் போய் நின்ற இடம். அதனால் அங்கே வட்டவளைத் தோட்டம் முழுக்க என் பெயர் நாறிவிட்டது. என் சொந்தத் தங்கச்சியே போன் எடுத்து, “ஏங்க்கா, சாமிய நடு ரோட்டுல மறிச்சுப்புட்டியாமே, உனக்கு என்னா தைரியம்?” என்று கேட்டாள். போனில் சொன்னால் ஆளுக்கொரு கதையாக்கிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

2

முதலில் நண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நண்டில்லாமல் இந்தக் கதை இல்லை.

கொடுக்கைப் பார்த்தால் நண்டு என்பீர்கள். வாலைப் பார்த்தால் இறால் என்பீர்கள். கடலில் பிடிக்கிற சிங்கி இறாலைச் சின்னதாக்கி ஆற்றில் விட்டது போன்ற உயிர் அது. நம் மலை ஓடைகளில் கல்லைப் புரட்டினால் தட்டை நண்டு ஓடுமே தவிர, இது கிடையாது. அதனால் நமக்கு இதற்குப் பெயரும் இல்லை. ஜேர்மன்காரர் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நானும் நண்டு என்றே எழுதிவிடுகிறேன்.

இதில் இரண்டு சாதி உண்டு. எங்கள் ஊருக்கு மேலே காட்டிலிருந்து ஓர் ஓடை இறங்கி வருகிறது. அதில் இருப்பது இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நண்டு. சின்னது, கல்லின் நிறம், கூச்சப்படுவது. பகலெல்லாம் கல்லுக்கு அடியிலேயே கிடக்கும். கீழே ஆற்றில் இருப்பது அமெரிக்காவிலிருந்து வந்தது. பெரியது, கொடுக்கின் அடிப்பக்கம் சிவப்பு, எதையும் தின்னும், கரையைக் குடைந்து பொந்து போடும், குஞ்சும் அதிகம் பொரிக்கும்.

அதை யார் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள், இவர்கள்தான் கூப்பிட்டார்கள். முன்னொரு காலத்தில் ஐரோப்பிய ஆறுகளில் நண்டுகள் ஒரு பூஞ்சை நோய் கண்டு கூட்டம் கூட்டமாகச் செத்தனவாம். நண்டு தின்று பழகிய வாய் சும்மா இருக்குமா? நோய் தாங்குகிற நண்டு எங்கே இருக்கிறது என்று தேடி, அமெரிக்க நண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது நோயைத் தாங்கியது உண்மை. தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பரப்பியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இப்போது ஆறு ஆறாக அது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அது போன இடத்தில் உள்ளூர் நண்டு மிஞ்சுவதில்லை.

எங்கள் ஓடையில் மட்டும் இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஓடை ஆற்றோடு சேர்வதற்குக் கொஞ்சம் மேலே, வழுவழுப்பான தகரம் ஒன்றைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். ஆற்று நண்டு அதில் கால் பிடித்து ஏற முடியாது. ஆனால் நோய்க்குக் கால் வேண்டாம். அது தண்ணீரிலேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஈர வலையில் ஏறும், மீன் வாளியில் ஏறும், பூட்ஸில் ஒட்டிய சேற்றில் ஏறும். நன்றாகக் காய்ந்தால்தான் சாகும். அதற்குத்தான் எங்கள் வாசலில் பச்சையும் கறுப்பும். தர்சினி இதை எங்களுக்குச் சொல்லாத நாளில்லை. “ஒரு கோப்பை ஆத்துத் தண்ணி போதும் அம்மா, ஓடை முழுக்க முடிஞ்சிடும்” என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் அப்பா, “நண்டுக்குப் போயி இந்தப் பாடா?” என்று தேத்தண்ணீரை ஊதிக் குடிப்பார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்ப நாமளும் அந்த வெளிநாட்டு நண்டு மாதிரித்தானே?” என்று ஆரம்பிப்பார். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் ஆரம்பித்தார். நண்டு வரி கட்டுவதில்லை, நான் கட்டுகிறேன் என்று வாயை அடைத்தேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள், வந்தவர்கள் என்று பிறந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த உவமையை என் கையால் எழுத மாட்டேன். எனக்குக் கோபம் வரும்.

3

இப்போது கரகம்.

என் வீட்டுக்காரர் ராஜேந்திரனை உங்களில் பலருக்குத் தெரியும். தோட்டத்தில் இளவட்டமாக இருந்தபோது மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுத்தவர். இங்கே வந்து பேக்கரி ஒன்றில் மாவு பிசைந்தே காலம் போய்விட்டது. இந்தக் கரகத்துக்கு முந்திய குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, “நல்லபடியா எந்திரிச்சு வந்தா கரகம் எடுக்குறேன்னு ஆத்தாக்கிட்ட சொல்லிட்டேன்” என்றார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. நெஞ்சு வலிக்காரர் நேர்த்தி வைப்பதற்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா? ஒரு மொட்டை போட்டால் ஆத்தா வேண்டாமென்றா சொல்வாள்?

இங்கே தமிழ்க் கோயில் உண்டு, தேர் உண்டு, கூட்டமும் உண்டு. ஆனால் அது யாழ்ப்பாணத்து மக்கள் நடத்துவது. நல்ல மனிதர்கள், எங்களை ஒருநாளும் ஒதுக்கியதில்லை. ஆனால் கரகம் என்றால் மேடை நடனமா என்று கேட்பார்கள். என் மகளும் அவர்கள் நடத்திய சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில்தான் தமிழ் படித்தாள். அதனால் அவள் பேசுவது அவர்கள் தமிழ். நான் “என்னா கண்ணு, சாப்டியா?” என்று கேட்டால், “ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்” என்பாள். என் வயிற்றில் பிறந்தவள், என் தமிழை மட்டும் வழியில் எங்கேயோ விட்டுவிட்டாள். தமிழே பேசாத பிள்ளைகளைப் பார்க்கும்போது இதற்காவது கும்பிட வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஆகவே நாங்கள் மலையகத்துக் குடும்பங்கள் சிலபேர் சேர்ந்து ஆற்றோரத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். தப்பு அடிக்க செல்வராஜ் அண்ணன் இருந்தார். பகலில் தபால் வண்டி ஓட்டுகிறவர். அனுமதி வாங்க நகரசபை அலுவலகத்துக்கு நான்தான் போனேன், வீட்டில் எனக்குத்தான் ஜேர்மன் மொழி கொஞ்சம் கூடுதலாக வரும் என்ற நினைப்பு.

ஆற்றில் என்ன செய்வீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டார். திருவிழா முடிந்து கரகத்துத் தண்ணீரைக் குடிவிடுவது என்பதை அவர் மொழியில் எப்படிச் சொல்வது? “எங்கள் தாயைத் தண்ணீர் வழியாக வீட்டுக்கு அனுப்பி வைப்போம்” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அஸ்தி கரைப்பதற்கு வேறு அலுவலகம் என்று விலாசமும் எழுதித் தந்தார். தாய் சாகவில்லை, அவள் சாகவே மாட்டாள் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. குடத்தைச் சுமக்கிறவருக்குக் காப்புறுதி இருக்கிறதா, மிருகம் ஏதும் வருமா, பூவைத் திரும்ப அள்ளுவீர்களா என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் செய்யலாம் என்று அனுமதி தந்தார்.

தர்சினியையும் கூப்பிட்டேன். “எனக்கு உதுகள் விளங்காது அம்மா. நான் வந்து நிண்டு என்ன செய்யிறது?” என்றாள். அவள் அப்பா அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போனார்.

4

காப்புக் கட்டியது, ஆற்றங்கரையில் கரகம் பாலித்தது, இரவுப் பூசை எல்லாம் நீங்கள் படத்தில் பார்த்ததுதான். பித்தளைக் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் கூம்பாகக் கட்டி, உச்சியில் தேசிக்காய் குத்தி, அவர் தலையில் ஏற்றியபோது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வட்டவளையில் முதன்முதலாகப் பார்த்த அதே முகம். அவ்வளவு மாவுக்கும் புகைக்கும் மருந்துக்கும் அடியில் அது அப்படியே இருந்தது.

மறுநாள் மாலை குடிவிட வேண்டும். மண்டப வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஆறு, கூப்பிடு தூரம். எல்லோரும் இடப்பக்கம் திரும்பினோம். கரகம் வலப்பக்கம் திரும்பியது.

கரகம் போகிற பக்கம்தான் சனம் போக வேண்டும். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஊரைச் சுற்றி வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். மேளத்துக்குப் பின்னால், கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நடந்தேன். வீதி மேலே ஏறியது. ஓடைக்கரைத் தெரு முடிந்தது, நான் சலவை வேலை செய்யும் முதியோர் இல்லம் முடிந்தது, ஆஸ்பத்திரி முடிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது, அவர் நெஞ்சை நினைத்து. ஏற்றம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனுசன் தலையில் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். காடு ஆரம்பிக்கும் இடத்தில் மரப்பாலம் தெரிந்தது. அதன் பக்கத்தில் நண்டுப் படம் போட்ட அறிவிப்புப் பலகை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மற்றத் தோட்டங்களில் இருக்கிறதா தெரியாது. கரகத்துக்குத் தண்ணீர் எடுப்பது கீழாற்றில். குடிவிடுவது மேலே, ஊற்று புறப்படும் இடத்தில். ஏனென்றால் ஊற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியாக ஒவ்வொரு லயத்து வரிசை வீட்டுப் பீலிக்கும் வந்து கொட்டும். ஆத்தா போகும்போது எல்லா லயத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பீலியில் குளிக்கிற பிள்ளைகள், துணி துவைக்கிற பெண்கள், எல்லோர் மேலும் பட்டுத்தான் அவள் ஆற்றுக்கு இறங்குவாள். அன்றைக்குச் சாயந்திரம் பீலியில் ஒரு வேப்பிலை மிதந்து வந்தால் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

என் வீட்டுக்காரர் இங்கேயும் அதைத்தான் செய்யப் போகிறார். அவருக்கு உயிர் கொடுத்த ஆஸ்பத்திரி, நான் வேலை செய்யும் இடம், மகளின் அறை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடுவது இந்த ஓடைதான். குடத்திலிருப்பது ஆற்றுத் தண்ணீர். அமெரிக்க நண்டு புரண்டு கிடக்கிற தண்ணீர். பூட்ஸ் ஈரமே ஆகாது என்று என் பிள்ளை நாளும் பொழுதும் கத்துகிறாள், இங்கே ஒரு குடம் வருகிறது.

நிறுத்த வேண்டும். எப்படி நிறுத்துவது? அருள் வந்தவரிடம் போய்ப் பூஞ்சை, நோய், ஆராய்ச்சி என்று பேச முடியுமா? தப்புச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இறம்பொடை மாமா நினைவுக்கு வந்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தங்கச்சிக்கு அம்மை பார்த்திருந்தது. லயத்துக் காம்பிராவின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். மாமா, அம்மாவின் அண்ணன், இறம்பொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, பை நிறையக் கரட்டும் லீக்சும் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் அப்போது கைக்குழந்தை. வாசலில் வேப்பிலையைப் பார்த்தார். பையை வாசலுக்கு வெளியே, தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் இறக்கி வைத்தார். “தாயி நல்லபடியா எறங்கட்டும்மா, மூணாந் தண்ணி ஊத்துனதும் வர்றேன்” என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார். அம்மாவும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அம்மை வீட்டிலிருந்து பச்சைப்பிள்ளை வீட்டுக்கு யாரும் எதையும் கொண்டுபோக மாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் ஓடினேன். கரகத்துக்கு முன்னால் போய், அவர் காலில் செம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டுக் குறுக்கே நின்றேன். கால் கழுவிய இடத்தில் கரகம் நிற்க வேண்டும், அது முறை. நின்றது. தப்பும் நின்றது. படம் பிடித்துக்கொண்டிருந்தவர் பயத்தில் போனைக் கீழே இறக்கியதும் அப்போதுதான்.

“தாயி, மன்னிச்சிரு. ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்,” என்றேன். “கீழாத்துல இருக்குற நண்டுக்கெல்லாம் அம்ம பாத்திருக்கு. அதுங்க தாங்கிக்கிரும். இந்த ஓடையில இருக்குறது தாங்காது தாயி. இப்ப எல்லாம் வால்ல முட்டையும் குஞ்சுமா, பச்சப்புள்ளக்காரியா கெடக்குதுங்க. அம்ம வீட்டுத் தண்ணி இது. பச்சப்புள்ள வீட்டுக்குள்ள கொண்டு போகலாமா? நீயே சொல்லு.”

பின்னால் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். செல்வராஜ் அண்ணன், “ஏம்மா, நெசமாவா?” என்று மெதுவாகக் கேட்டார். “ஏன் இத மொதல்லயே சொல்லல?” என்று இன்னொருத்தி. இரண்டு வருடமாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், என் மகள் எங்கள் கூட்டத்திலேயே துண்டுத்தாள் கொடுத்திருக்கிறாள். ஒருவருக்கும் ஏறவில்லை. எனக்கும்தான் ஏறவில்லை. அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் தாமாகவே ஓர் அடி பின்னால் போனார்கள்.

அவர் கண் மூடியபடி ஆடிக்கொண்டே நின்றார். வேப்பிலை சலசலத்தது. பாலம் அங்கிருந்து ஒரு லயத்து நீளம்கூட இருக்காது. பிறகு, எனக்குத் தெரியாத ஒரு குரலில், “பச்சப்புள்ள வீட்டுக்கு நான் போவேனாடி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே திரும்பி, வந்த வழியே இறங்க ஆரம்பித்தார்.

அது ஆத்தாவா, என் வீட்டுக்காரரா என்று தங்கச்சி கேட்டாள். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய பிறகு எனக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியவில்லை என்பதுதான் உண்மை.

5

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு சைக்கிள் மேலே பறந்து வந்தது. தர்சினி. வீட்டு உடுப்போடு, தலைகூடக் கட்டாமல்.

சைக்கிளைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். “ஊத்திட்டினமே? அம்மா, சொல்லுங்கோ, ஓடையில ஊத்திட்டினமே?”

“இல்ல கண்ணு. ஊத்தல. பாலத்துக்கு முன்னாலயே திரும்பிட்டோம்.”

அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். கரகம் எங்களைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“லைவ்ல பாத்துக்கொண்டிருந்தனான். முதல்ல இருந்தே பாத்தனான். அப்பா எங்கட தெருவால மேல போறதக் கண்டிட்டு யோசிச்சன். பிறகு போர்ட் தெரிஞ்சுது. பிறகு வீடியோ நிண்டிட்டுது.”

விளங்காது, வரமாட்டேன் என்று சொன்ன பிள்ளை, அறையில் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அப்பா ஏன் திரும்பினவர்? நீங்கள் என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டாள். சொன்னேன். அம்மை வீடு, பச்சைப்பிள்ளை வீடு, வேப்பிலை, கான் ஓரத்தில் பையை வைத்துவிட்டுப் போன இறம்பொடை மாமா. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரியாத்தான் சொல்லியிருக்கிறீங்கள்” என்றாள். படித்தவள் வாயால் பாஸ் பண்ணியது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அவள் கண் அப்பாமேல் போனது. அவருக்கு மூச்சு வாங்கியது. செல்வராஜ் அண்ணன் தப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் விரித்தபடி பக்கத்தில் நடந்தார். தர்சினி என்னிடமிருந்த செம்பைப் பிடுங்கி, ஆஸ்பத்திரி வாசல் குழாயில் நிரப்பிக்கொண்டு ஓடினாள். அப்பாவின் காலில் ஊற்றினாள். கரகம் நின்றது. அவர் மூச்சு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்து, விலகி வழிவிட்டாள். முதியோர் இல்லத்து வாசலில் மறுபடி. அங்கே சக்கர நாற்காலியில் வெளியே இருந்த கிழவிகள் எங்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். தன் தெருவில், தன் வாசலில் மறுபடி. சாமிக்கு வழிமறித்தாளா, அப்பாவுக்கு ஓய்வு கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை.

அவளுடைய வாசலில் கரகம் நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஓடைத் தண்ணீர் எந்த வழியாக எந்தெந்த வாசலைத் தொட்டுப் போயிருக்க வேண்டுமோ, அந்த வழியாகத்தான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வாசலும் விட்டுப்போகவில்லை. ஆத்தா எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பாலத்துக்குக் கீழே, எடுத்த இடத்திலேயே தண்ணீரைக் குடிவிட்டோம். நகரசபை சொன்னபடி பூவை அள்ளிப் பையில் போட்டோம். அவர் காப்பை அவிழ்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். தர்சினி பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் மாதிரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அப்பா அங்க கொண்டு போனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஒன் ரூம்பு வழியாப் போகட்டும்னுதான்,” என்றார். புல்லைக் கிள்ளிக்கொண்டே, “ஒன் நண்டுங்களுக்கும் சேத்துத்தான் கண்ணு. நீ அதுங்களுக்காக எவ்வளவு பாடுபடுற. ஆத்தா ஒரு பார்வ பாத்தா நல்லாருக்கும்ல?” என்றார்.

அவள் பிடித்த கையை விடவில்லை.

6

அதன்பிறகு சில கிழமை கழித்துப் போன் எடுத்தாள். “அம்மா, வேப்பிலை எங்க வாங்கலாம்?”

“ஏண்டி, அம்ம பாத்திருக்கா?”

“எனக்கில்லை. நீங்கள் வாங்கித் தாங்கோவன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு மேல வாங்கோ.”

தமிழ்க் கடையில் வேப்பிலை விமானத்தில் வருகிறது, கறிவேப்பிலையை விட விலை. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனோம். அவள் மரப்பாலத்துக்குப் பக்கத்தில், கறுப்புப் பூட்ஸோடு, அந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றாள். வேப்பிலையை வாங்கிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தாள், கீழே வைத்துப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் கட்டுறது அம்மா?”

“வர்றவங்க கண்ணுல படுற பக்கம். வேப்பெலயப் பாத்தா நம்ம சனம் அங்கயே நின்னுரும்.”

கட்டினாள். அவளுடைய மேலதிகாரி என்ன சொல்வார் என்று கேட்டேன். விளக்கிச் சொன்னாளாம், அவர் சிரித்துவிட்டுச் சரி என்றாராம். நூலை இறுக்கி முடிச்சுப் போடுகிற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது. ஒன்றையாவது அவளாகவே கேட்டு எடுத்துக்கொண்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் எங்களோடு இல்லை. பாதையில் தள்ளி, அன்று கரகம் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தேத்தண்ணீர்ப் போத்தலும் வடையும் இருந்த பையைப் புல் ஓரத்தில் இறக்கி வைத்திருந்தார்.

“ஏங்க, வாங்களேன்!” என்று கூப்பிட்டேன்.

“வேப்பெல கட்டியிருக்குல்ல,” என்றார். “காலையில ஆத்துப்பக்கம் நடந்துட்டு வந்தேன், அதே சப்பாத்து. நீங்க முடிச்சுட்டு வாங்க, நான் இங்கனயே நிக்கிறேன்.”

தர்சினி அவரையே பார்த்தாள். பிறகு தன் முதுகுப்பையைத் திறந்து, இன்னும் கடைத் துண்டு தொங்குகிற ஒரு சோடி கறுப்புப் பூட்ஸை எடுத்தாள். பெரிய அளவு. அவரிடம் நடந்து போய்க் காலடியில் வைத்தாள்.

“இது ஒரு ஆத்தையும் காணாதது அப்பா. போட்டுக்கொண்டு உள்ள வாங்கோ.”

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மாற்றினார். பாலத்தைத் தாண்டி, ஓடையில் மெதுவாக இறங்கினார். தர்சினி குனிந்து ஒரு கல்லைத் தூக்கினாள். அதன் அடியில் ஒரு தாய் நண்டு, கல் நிறத்தில், வாலை மடக்கிக்கொண்டு இருந்தது. மடித்த வாலுக்குள் கடுகு கடுகாய்க் குஞ்சுகள் அசைந்தன.

என் வீட்டுக்காரர் தொடவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “வெளிய எடுக்காத கண்ணு,” என்றார். “வெயில் படும். கல்ல மூடிரு.”

அவள் கல்லை இருந்தபடியே வைத்தாள்.